அழுக்குப் பூனைக்குக் கூடுதல் காசு

எங்கள் பார்க்கிங்கில் அவளை ரசீதக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பல மாடிக் கட்டடம். வண்டிகள் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையிலிருந்து மதியம் வரை கூண்டுக்குள் அவள், மதியத்திலிருந்து நான். பணத்தை நீட்டிவிட்டு ரசீது வாங்காமல் பறக்கிற ஆட்கள்தான் இங்கே அதிகம். நானாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன். அவள் விடமாட்டாள். தடுப்புக் கம்பியைத் தூக்காமல் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ரசீது வாங்கிட்டுப் போங்க" என்பாள். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும். அவள் அசையமாட்டாள். அப்படி ஒரு அழுத்தக்காரி.

கூண்டு என்றால் நிஜமாகவே கூண்டு. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் ஒண்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். கல்லாப்பெட்டி, ரசீது அடிக்கிற மெஷின், சுற்றினாலும் காற்று வராத ஒரு ஃபேன், ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். வண்டிப் புகை தலைமுடி வரைக்கும் ஏறிவிடும். நான் என் வேலை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்து அந்த இடுக்கில் நின்று அவளோடு வாயாடுவேன். வீட்டில் இருந்தால் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். அதற்கு இந்தப் புகை எவ்வளவோ தேவலை.

அப்படி ஒரு நாள் நிற்கும்போதுதான் அவள் கைப்பேசியில் பூனை வளர்ப்பதைப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிற பெண், கைப்பேசித் திரையில் விரலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு மஞ்சள் பூனைக்கு முதுகு சொறிந்துகொண்டிருந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நிஜப் பூனை வளர்த்தா பாலாவது ஊத்தணும், இதுக்கு சார்ஜ் போட்டா போதும்போல" என்றேன். அவள் கோபப்படவில்லை. அதன் பெயர் சில்லறை என்று எனக்கு அறிமுகம் செய்து வைத்தாள். வேலை பார்க்கிற இடத்துக்கு ஏற்ற பெயர்தான்.

விளையாட்டு ரொம்பச் சுலபம், அதனால்தான் என் மண்டையிலும் ஏறியது. ஆளுக்கு ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு பூனை. பூனைக்கு மீன், மெத்தை, ஜன்னல் திரை என்று எதை வாங்கவும் விளையாட்டுக்குள்ளேயே காசு வேண்டும். பந்து பிடித்து விளையாடினால் கொஞ்சம் காசு வரும். பெரிய வரும்படி வேறு இடத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கிற பூனை அழுக்காக இருந்தால் குளிப்பாட்டவேண்டும். எந்த வீட்டில் பூனை அழுக்கோ அந்த வீட்டுக் கூரைமேல் ஈ பறக்கும். ஒரு ஈ என்றால் கொஞ்சம் காசு. நாலைந்து ஈ மொய்த்தால் கை நிறையக் காசு. சொந்தக்காரர் பல நாள் எட்டிப் பார்க்காத வீட்டில்தான் ஈ மொய்க்கும் என்பதால், யாரோ கைவிட்டுப் போன வீடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அக்கா கில்லாடி ஆகிவிட்டாள். தெருத் தெருவாகப் போவாள். ஈ பறக்கிற கூரையைப் பார்த்ததும் கண் மின்னும். "மாட்டுச்சு பாரு ஒண்ணு" என்பாள். நானும் எட்டிப் பார்த்து, "அடியம்மா, இவங்க செத்தே போயிட்டாங்கபோல, இவ்வளவு அழுக்கு" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், அவள் அப்பாவிடமிருந்து.

அப்பா வேறு ஊரில் தனியாக இருந்தார். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். சோடா பாட்டில் கம்பெனியில் பாட்டில்கள் ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். ஆயிரம் கண்ணாடி ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்திலேயே ஆயுசு போய், ஓய்வு பெறும்போது காது இரண்டையும் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்தார். போன் போட்டால் பயனில்லை. இவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அவர் மழையைப் பற்றிச் சொல்வார். எழுத்து படிப்பார், ஆனால் கைப்பேசியில் தட்டி எழுத விரல் வளையாது. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். எரிச்சலில் கைப்பேசியையே தலையணைக்கு அடியில் போட்டுவிடுவார். அவர் எழுந்தாரா, நடமாடுகிறாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் இவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு லீவில் போனவள் அவர் கைப்பேசியில் இந்தப் பூனை வீட்டை வைத்துக் கொடுத்தாள். எழுதவேண்டாம், பேசவேண்டாம். தொட்டால் போதும்.

அவருக்குக் கிடைத்தது ஒரு சாம்பல் நிறக் கொழுத்த பூனை. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். கம்பெனியில் அவரை நாள் தவறாமல் திட்டின மனுஷனின் ஞாபகமாம். "இனிமே இவனுக்குப் பசிச்சா என்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். காலையில் மேனேஜருக்கு மீன் போடுவார். பிறகு மகள் வீட்டுக்கு வந்து சில்லறையைத் தடவிவிட்டு, வாசலில் ஒரு மீன் படத்தை வைத்துவிட்டுப் போவார். வந்து போனதற்கு அடையாளமாக அப்படிப் படம் வைக்கலாம். பூ இருக்கிறது, குடை இருக்கிறது, அவர் எப்போதும் மீன்தான் வைப்பார். அக்கா காலையில் கூண்டுக்குள் நுழைந்து கல்லாவைத் திறப்பதற்கு முன்னால் அந்த மீனைப் பார்ப்பாள். மீன் இருந்தால் அப்பா நன்றாக இருக்கிறார். அன்றைக்கு எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் அவளுக்கு உறைக்காது.

அவரைத் தன்னோடு அழைத்து வந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே ஆசை. அவள் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். மகன் விடுதியில். ஒரு அறை சும்மாதான் கிடந்தது. ஆனால் அப்பா பிடி கொடுக்கமாட்டார். தனக்குக் காது கேட்காததால் கத்திக் கத்தித்தான் பேச வருகிறது, அந்தச் சத்தத்துக்கு மாப்பிள்ளை லாரியிலேயே குடித்தனம் வைத்துவிடுவார் என்பார். மாப்பிள்ளையே நேரில் போய்க் கூப்பிட்டும் பார்த்தார். அப்பா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்துவிட்டார்.

போன வருஷம் போயிருந்தபோது அக்கா மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள். அவர் அப்போது பூனை விளையாட்டின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பாலம் விற்கிறது. இரண்டு வீட்டுக்கு நடுவில் அதைப் போட்டால் இரண்டும் ஒரே வீடாகிவிடும். பூனைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தன்னிஷ்டத்துக்குத் திரியும். கடையிலேயே விலை கூடின சாமான் அதுதான்.

"முதல்ல பூனைங்க ரெண்டும் ஒரே வீட்டுல இருந்து பார்க்கட்டும்" என்றாராம் அப்பா. "மேனேஜரும் சில்லறையும் அடிச்சுக்காம இருந்தா நானும் பெட்டியைக் கட்டறேன்."

"பேச்சு மாறக்கூடாது" என்று அக்கா அவர் காதோடு கத்தினாளாம்.

"மாறமாட்டேன். ஆனா நிஜக் காசு போட்டு வாங்கினா செல்லாது. வேலை செஞ்சு சம்பாதிக்கணும்."

அவர் தட்டிக் கழிக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியும். எனக்கு அப்படித்தான் பட்டது, சொல்லவும் சொன்னேன். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுத்தக்காரி என்று சொன்னேனே. அன்றிலிருந்து பூனைக்கு மெத்தை வாங்குவதை நிறுத்தினாள், திரை வாங்குவதை நிறுத்தினாள். சில்லறை வெறுந்தரையில் படுத்தது. வண்டி வராத நேரமெல்லாம் ஈ தேடித் தெருவில் இறங்கினாள். நான் உள்ளே வரும்போது ஸ்டூலில் ஒரு பக்கம் சாய்ந்து, ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய பூனைக்கு சோப்பு போட்டுக்கொண்டிருப்பாள். இந்தக் கையால் நம் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவினால் பளிச்சென்று இருக்குமே என்று எனக்குத் தோன்றும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் காலை அவள் எனக்குப் போன் போட்டுச் சீக்கிரம் வரச் சொன்னாள். நான் போனதும் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வாசலில் மீன் இல்லை. முந்தின நாளும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. மேனேஜர் வீட்டுக் கூரைமேல் ஈ பறந்தது. நான் அவளை நகரச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டேன். அவள் அப்பா குடியிருந்த மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கிற தையல்காரருக்குப் போன் போட்டாள். நல்ல மனுஷர், மெஷினை நிறுத்திவிட்டு உடனே மாடிக்கு ஏறிப் போனார். ஐயா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவர் காதில் கத்தி விஷயத்தைச் சொல்லி, போனை அவரிடமே கொடுத்தார். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கூண்டையே அதிர வைத்தது.

"அழுக்கா இருந்தா உனக்குக் காசு கூட வருதில்லம்மா? நான் உள்ள போனா அந்தப் பய தானா உடம்பை நக்கி நக்கிப் பாதி சுத்தமாயிடறான். அதான் நான் போறதே இல்ல. கெடக்கட்டும் மேனேஜர், குளிக்காம. நீ வந்து குளிப்பாட்டு, மொத்தமா அள்ளிக்கோ."

வெளியே கம்பிக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டி அவருக்கு ரசீது கொடுத்தேன். அக்கா கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கு உடனே புரியவில்லை. அவள்தான் சொன்னாள்: "அப்பாவுக்கு வர ஆசை இருக்குடி. இல்லன்னா எதுக்கு எனக்கு காசு சேர்த்து விடறார்?"

அது உண்மைதான். பாலத்துக்குக் காசு சேரக்கூடாது என்று நினைக்கிற மனுஷன் பூனையை அழுக்காக்கமாட்டார். அன்றைக்கு என் கேலியெல்லாம் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் அது ஒரு முறையாகிவிட்டது. சில நாள் அவர் விளையாட்டைத் திறக்கவே மாட்டார். மேனேஜர் மேல் ஈ மொய்க்கும். அக்கா பொறுமையாகக் காத்திருந்து, ஈ கூட்டமாகச் சேர்ந்ததும் போய்க் குளிப்பாட்டி மொத்தக் காசையும் எடுத்துக்கொள்வாள். குளிப்பாட்டினதும் அப்பாவின் கைப்பேசி குலுங்கும், அன்று சாயங்காலம் அவர் உள்ளே வந்து, மேனேஜர் பளபளவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மகள் வாசலில் ஒரு மீனை வைத்துவிட்டுப் போவார். பிறகு மறுபடி தலைமறைவு. மீன் வருகிற நாள் குறைந்துவிட்டது என்று அவள் வருத்தப்படவில்லை. ஈ பறந்தாலே இப்போது அப்பா தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு அர்த்தம். காசு மளமளவென்று ஏறியது. சும்மா கிடந்த அறைக்கு அவள் வெள்ளையடித்தாள். வீட்டுக்காரர் லாரியில் வரும்போது ஒரு கட்டில் கொண்டு வந்து போட்டார்.

பாலத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற நிலையில், ஒரு நாள் மதியம் நான் உள்ளே நுழைந்ததும் அவள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முந்தின நாள் அவள் மேனேஜரைக் குளிப்பாட்டியிருந்தாள். மீன் வரவில்லை.

"அப்பாவுக்கு அவசரத்தைப் பாரேன்" என்றாள், பெருமை தாங்காமல். "மீன் வைக்க உள்ள வந்தா அழுக்கு சேர்றது தள்ளிப் போகுமாம். அதைக்கூட விட்டுட்டார்."

நான் சிரித்தேன். அவர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார், பூட்டுத்தான் தேடிக்கொண்டிருப்பார் என்றேன்.

மறுபடி ஈ சேர்ந்தது. மறுபடி குளிப்பாட்டினாள். அப்போதும் மீன் இல்லை. அதையும் அவள் ஒரு நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? பயப்படவேண்டிய அடையாளம் எதுவோ, அதையே பாசத்துக்கு அடையாளமாக அவர் மாற்றி வைத்திருந்தார். அந்தக் காசும் சேர்ந்ததும் பாலத்தின் விலை வந்துவிட்டது. நான் கூண்டில் அவள் பக்கத்தில் நிற்கும்போதுதான் வாங்கினாள். வாங்கினதும் திரையில் மத்தாப்பு வெடித்தது. பாலத்தைப் போடவேண்டும் என்றால் எதிர் வீட்டுக்காரரும் சம்மதிக்கவேண்டும். அவருக்குச் செய்தி போகும், அவர் தொட்டால் வேலை முடிந்தது. 'சம்மதத்துக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுத்து வந்து, பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது.

பாலத்தைப் பற்றிச் செய்தி வந்தால் அவர் கைப்பேசி குலுங்கும், தலையணைக்கு அடியில் இருந்தாலும் தெரியும். இதற்காக மாதக்கணக்கில் காத்திருந்த மனுஷன் பாய்ந்து வந்து தொடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு இடுக்கில் நின்றுகொண்டே இருந்தாள். சாயங்காலம் வரை கடிகாரம் சுற்றியது. மறுநாள் நான் வரும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் காலையிலிருந்து தையல்காரருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அவர் எடுக்கவில்லை. மகள் பிரசவத்துக்கென்று கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். இதோ மேலே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

திரும்ப அவர் கூப்பிடும்வரை மூன்று வண்டியோ நாலு வண்டியோ போயிருக்கும். ஒரு சிவப்புக் கார் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். கடைசி வரை கேட்டாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, மெஷினிலிருந்து ரசீதைக் கிழித்து அந்தக் காரிடம் நீட்டினாள். "ரசீது வாங்கிட்டுப் போங்க" என்றாள். கார் போனது. கம்பி தானாக இறங்கியது. நான்தான் அவளை இடுப்பைப் பிடித்து ஸ்டூலிலிருந்து தூக்கி வெளியே கொண்டு வந்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, யாரையாவது உட்கார வை, இல்லையென்றால் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போ என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் எங்கோ தூரத்தில் லாரியோடு இருந்தார். அதனால் பஸ்ஸில் அவளோடு நான் போனேன். வழி முழுக்க அவள் அழவில்லை.

நாங்கள் போவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது, கஷ்டப்பட்டிருக்கமாட்டார் என்றார் டாக்டர். போய் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது என்றும் சொன்னார். முகத்தைப் பார்க்கவேண்டாம், இருந்தபடியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களைத் தடுத்துவிட்டார்கள். அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "எந்த நாள்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டர் சொன்ன நாளுக்கு அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. மீன் வராமல் போன முதல் நாள் அது.

அப்பாவின் அறைக்கு நான் முதலில் ஏறிப் போனேன். உடைத்த கதவு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. சாத்தியிருந்த ஜன்னல் கண்ணாடியில் ஈக்கள். அவள் வருவதற்குள் ஜன்னலைத் திறந்து, கிடைத்த துண்டை எடுத்து அவற்றை விரட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவள் வாசலில் நிற்கிறாள்.

"விடு, பார்த்துட்டேன்" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஈயைப் பார்த்தா எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்பா இங்க கெடக்கறார், நான் அங்க உக்காந்து, ஈ நிறைய சேரட்டும், நிறைய சேரட்டும்னு காத்துகிட்டு இருந்தேன். ரெண்டு தடவை வந்து காசை அள்ளிகிட்டுப் போயிருக்கேன்."

நான் என்ன சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை நான் விவரிக்கப் போவதில்லை. என்னால் தாங்க முடியாமல் நானும் அழுதேன்.

கீழே தையல்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தயங்கினார். மகள் பிரசவத்துக்கு அவர் கிளம்புவதற்கு முன்னால் ஐயா இரண்டு கால்சட்டை தைக்கச் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டில் பழசோடு உட்கார்ந்தால் மரியாதை இல்லை, பாலம் வேலை நடக்கிறது, முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்றாராம். எந்த ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறார்கள் என்று இவர் கேட்டதற்கு, அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் படியேறிப் போனாராம். தையல்காரருக்கு அது இன்னும் விளங்கவில்லை. அவரிடம் விளக்கிச் சொல்ல அன்று எங்கள் இருவருக்கும் தெம்பில்லை. அக்கா பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தலையணைக்கு அடியில் கைப்பேசி இருந்தது. சார்ஜ் போட்டதும் உயிர் வந்து, கையில் ஒரு குலுங்கு குலுங்கியது. திரையில் மேனேஜர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது, மகள் குளிப்பாட்டிவிட்டது. அதற்கு மேலே, பக்கத்து வீட்டுக்காரர் பாலம் போட விரும்புகிறார், சம்மதமா என்ற கேள்வி. தொட்டுவிடு அக்கா, அவர் ஆசைப்பட்டதுதானே என்றேன்.

"அவர் விரல் தொடணும்" என்றாள். "நான் தொட்டா நானே கேட்டு நானே சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

தொடவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி தானாக மறைந்து, பாலத்துக்குக் கொடுத்த காசு முழுக்க அவளிடமே திரும்பி வந்தது. அந்தக் காசு இன்னும் அப்படியே கிடக்கிறது. சில்லறை இன்னும் வெறுந்தரையில்தான் படுத்திருக்கிறது. வெள்ளையடித்த அறையில் கட்டிலின் மேல் அந்தப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது. வீட்டுக்காரர் அதைத் தொடுவதில்லை. கைவிட்ட வீடுகளைத் தேடித் தெருவில் போவதையும் அவள் அடியோடு விட்டுவிட்டாள். அந்த வீட்டுக்காரர்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தோமா என்று என்னிடம் கேட்டாள். நான் ஒரு காலத்தில் சொன்ன ஜோக் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் போகிறாள். கைப்பேசியைத் தொட ஆளில்லாத வீடு. விட்டால் மேனேஜர் மேல் அழுக்குச் சேரும், கூரைமேல் ஈ வரும், ஊர் பேர் தெரியாத யாராவது பார்த்து, மாட்டியது ஒன்று என்று காசுக்காக வந்துவிடுவார்கள். அதனால் தினமும் காலையில் கூண்டுக்குள் நுழைந்ததும், கல்லாவைத் திறப்பதற்கு முன்னால் அவள் அங்கே போய்விடுகிறாள். சுத்தமாக இருக்கிற பூனைக்கே மறுபடி சோப்பு போட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து விடுகிறாள். அழுக்கு இல்லாத பூனையைக் குளிப்பாட்டினால் விளையாட்டு எதுவும் தராது. 'இந்தப் பூனை சுத்தமாகத்தான் இருக்கிறது, காசு இல்லை' என்று எழுத்து வந்து போகும்.

ஒரு நாள் நான் காலையிலேயே வந்து இடுக்கில் நின்று அதைப் பார்த்தேன். நேற்றுத்தானே குளிப்பாட்டினாய், ஒரு நாள் விட்டால்தான் என்ன அக்கா என்று கேட்டேன்.

"ஒரு நாள் விட்டாலும் ஈ வந்துடும்" என்றாள்.

மேனேஜரைத் துடைத்து முடித்து, வாசலில் ஒரு மீனை வைத்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே முதல் வண்டி வந்து நின்றது.